கேட்மேன் வெளியே வந்துட்டார்!

"ஏட்டி, நீ ட்ரிப்பிள் ஈ தானே படிக்க? பக்கத்து வீட்டுத் தாத்தா ரயிலு ஓடலையாம். போய் என்னன்னு பாத்துட்டு வா!"

செமஸ்டர் லீவுக்கு நியூ ஜெர்சியில் இருக்கும் சித்தப்பா வீட்டுக்குப் போய் இறங்கி மூணு நாள்தான் ஆகியிருந்தது. ஜெட்லாக் தெளியவில்லை, பாதித் தூக்கத்தில் தோசை சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். அப்போது வந்தது இந்த அசைன்மென்ட். சித்தப்பாவுக்கு ஒரு நினைப்பு... ட்ரிப்பிள் ஈ படிக்கிற பொண்ணு என்றால் மிக்ஸியில் இருந்து ராக்கெட் வரைக்கும் எல்லாத்தையும் ரிப்பேர் பண்ணிடுவா என்று. எலெக்ட்ரிக்கல் மெஷின்ஸ் பேப்பரில் நான் எத்தனை மார்க்கில் கரையேறினேன் என்பதை அவரிடம் யாரும் சொல்லவில்லை போல!

சரி, பொம்மை ரயில்தானே, பேட்டரி போட்டா ஓடும் என்று கிளம்பிப் போனேன். அங்கே போனதும்தான் தெரிந்தது, அது பொம்மை இல்லை மக்களே. அது ஒரு ஊரு!

தாத்தாவின் வீட்டு நிலவறையில் பிங்பாங் டேபிள் சைஸில் ஒரு மேஜை. அதன் மேல் மூணு தண்டவாளம் போட்ட ரயில் பாதை. ரெண்டு தண்டவாளம் இல்லை, மூணு. நடுவில் இருப்பது கரன்ட்டுக்கு. சுற்றிலும் மாட்டுப் பட்டி, விளக்குக் கோபுரம், கேட் கீப்பர் குடிசை. எல்லாம் 'லயனல்' கம்பெனி தயாரிப்பு. ஜோஷுவா லயனல் கோவன் என்பவர் 1900-ல் நியூயார்க்கில் ஆரம்பித்த கம்பெனி. முதலில் அவர் செய்த மின்சார வண்டி, கடை ஷோகேஸில் கூட்டம் சேர்க்க ஓடவிட்ட விளம்பரப் பெட்டிதான். உள்ளே இருந்த சரக்கை விட்டுவிட்டு, வந்தவர்கள் எல்லாம் 'அந்த வண்டி என்ன விலை?' என்று கேட்க, பிசினஸே மாறிப்போனது. பின்னாளில் அவர்களின் பெரிய ஃபேக்டரி இருந்தது இதே நியூ ஜெர்சியின் இர்விங்டனில். சித்தப்பா இருக்கும் ஊருக்கே பெயர் எடிசன். மென்லோ பார்க் லேப் இருந்தது இங்கேதான் என்பதால் 1954-ல் அந்தப் பெயரை வைத்தார்களாம். ட்ரிப்பிள் ஈ பொண்ணு வந்து மாட்ட இதைவிடப் பொருத்தமான ஊர் வேண்டுமா என்ன?

தாத்தாவுக்கு எண்பதைத் தாண்டிவிட்டது. கை நடுங்குகிறது. 1950-கள் முழுக்க ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் அவர் அப்பா ஒண்ணு ஒண்ணாக வாங்கித் தந்தவை இவை. ஜூன் கடைசியில் முதியோர் குடியிருப்புக்கு மாறப்போகிறார். அங்கே அவருக்கு ஒரே ஒரு ரூம். மகனுக்கு இதில் ஆர்வம் இல்லை, 'மொத்தமா டீலருக்குக் கொடுத்துடலாம்' என்கிறார். பேரனுக்கு ஏழு வயசு, வருகிற சனிக்கிழமைக்கு அடுத்த சனிக்கிழமை வருகிறான்.

"ரயில் ஓடும் இன்ஜினீயர். ஆனா அது சும்மா சுத்தி வர்றதை எந்தக் குழந்தையும் அஞ்சு நிமிஷம்தான் பார்க்கும். இந்தக் கேட்மேன் வெளியே வரணும். மாடு நடக்கணும். விளக்கு சுத்தணும். அதைப் பார்த்துட்டு அவன் வேண்டாம்னு சொன்னா, டீலர் எடுத்துட்டுப் போகட்டும்" என்றார். நான் இன்னும் டிகிரி வாங்காத இன்ஜினீயர் என்று சொல்ல வாய் வரவில்லை. கையில் பத்து நாள்!

முதல் வேலையாக எதையும் பிளக்கில் சொருகவில்லை. இந்த விஷயத்தில் மட்டும் நான் லேபில் படித்ததை மதிக்கிற ஆள். டிரான்ஸ்ஃபார்மரின் மெயின் வயரைத் தொட்டால் ரப்பர் பிஸ்கட் மாதிரி உதிர்கிறது. எழுபது வருஷம் ஆன இன்சுலேஷன். பொம்மைக்குப் போகிற வோல்டேஜ் என்னவோ கம்மிதான், ஆனால் சுவரில் இருந்து வருவது 120 வோல்ட். அதைச் சித்தப்பாவுக்குத் தெரிந்த எலெக்ட்ரீஷியனை வைத்து மாற்றினோம். பழைய ரயில் செட் யார் வீட்டுப் பரணில் இருந்து கிடைத்தாலும் 'ஓடுதா பாப்போம்' என்று உடனே சொருகாதீங்க ப்ளீஸ்.

அந்த டிரான்ஸ்ஃபார்மருக்குள் ஒரு அழகான மேட்டர் இருக்கிறது. இந்த ரயில் ஓடுவது ஏசி-யில். ஆனால் விசில் பட்டனை அமுக்கினால், ஒரு ரெக்டிஃபையர் வழியாக அந்த ஏசி-யோடு கொஞ்சம் டிசி கலந்து போகும். மோட்டாருக்கு ரெண்டும் ஒண்ணுதான், அது பாட்டுக்கு ஓடும். நிலக்கரிப் பெட்டிக்குள் இருக்கிற ரிலே மட்டும் டிசி வந்தால்தான் முழிக்கும். முழித்ததும் விசில் ஊதும். ஒரே கம்பியில் பவரும் போகுது, சிக்னலும் போகுது! கம்யூனிகேஷன் பேப்பரில் இதையே பத்து மார்க்குக்குக் கேட்டிருந்தால் நான் எழுதாமல் விட்டிருப்பேன். அந்தப் பழைய ரெக்டிஃபையர் தட்டு கெட்டுப்போனால் இப்போது ரிப்பேர்காரர்கள் போடுவது சாதாரண சிலிக்கான் டையோடு. முதல் வருஷ லேபில் நாம டஜன் கணக்கில் எரித்தோமே, அதன் அண்ணன்!

அடுத்து கேட்மேன். லயனலின் ரொம்ப ஃபேமஸான அயிட்டம் இது. 1935-ல் முதலில் வந்தது, தாத்தாவிடம் இருந்தது 1950-ல் வந்த 145-ம் நம்பர் மாடல். ரயில் நெருங்கியதும் குடிசைக் கதவு திறக்கும், கையில் சிவப்பு லாந்தரோடு ஓர் ஆள் வெளியே வருவார். ரயில் போனதும் உள்ளே போய்விடுவார். சென்சார், சிப் எதுவும் கிடையாது. தண்டவாளத்துக்கு அடியில் ஒரு ஸ்பிரிங் சுவிட்ச். ரயிலின் எடையில் தண்டவாளம் லேசாக அமுங்கினால் கான்டாக்ட் சேரும். குடிசைக்குள் இருக்கும் சொலினாய்டுக்குக் கரன்ட் போகும். இரும்புத் தண்டு உள்ளே இழுபடும், ஆள் வெளியே வருவார். அவ்வளவுதான்.

ஆனால் தாத்தா வீட்டு கேட்மேன் வரவில்லை. காயில் போயிருக்கும் என்று முடிவே பண்ணிவிட்டேன். மல்ட்டிமீட்டரை வைத்தால் கன்ட்டினியூட்டி கம்பீரமாக இருக்கிறது. அரை நாள் மண்டையைக் குடைந்து, கடைசியில் தண்டை வெளியே உருவிப் பார்த்தால்... அல்வா பதத்தில் ஏதோ ஒட்டியிருக்கிறது! திருநெல்வேலிப் பொண்ணுக்கு அல்வா பதம் தெரியாதா? என்றைக்கோ யாரோ 'நல்லா ஓடட்டுமே' என்று பாசமாக எண்ணெய் விட்டிருக்கிறார்கள். அது தூசியோடு சேர்ந்து இறுகிவிட்டது. சொலினாய்டு தண்டு உலர்ந்துதான் இருக்க வேண்டும். கிளீனிங் ஆல்கஹாலில் பஞ்சைத் தோய்த்துத் துடைத்தேன். ஸ்பிரிங் சுவிட்சின் கான்டாக்டுகள் கறுத்துப்போயிருந்தன, பென்சில் அழிக்கிற ரப்பரால் தேய்த்தேன். ரயிலின் எடைக்குத் தகுந்த மாதிரி ஸ்பிரிங் டென்ஷனை மாற்ற ஒரு திருகு இருக்கிறது. அதை அரை அரைச் சுற்றாகத் திருகித் திருகி... எட்டாவது முறை ரயில் வந்தபோது கதவு 'டக்' என்று திறந்தது. ஆள் வந்தார். தாத்தா ஒண்ணும் சொல்லவில்லை, இன்னொரு சுற்று ரயிலை விட்டார். அப்புறம் இன்னொரு சுற்று.

ஸ்பேர் பார்ட்ஸ் வேட்டை ஆரம்பித்தது மாட்டுப் பட்டியில். பட்டிக்குள் ஒன்பது குட்டி மாடுகள். சுவிட்சைப் போட்டால் அவை தானாக நடந்து வாசல் வழியாக ரயில் பெட்டிக்குள் ஏறி, சுற்றி மறுபடி இறங்கி வரணும். மாட்டுக்குள் மோட்டார் கிடையாது. அடியில் சாய்வான ரப்பர் விரல்கள் மட்டும். பட்டியின் தரையை ஒரு மின்காந்தம் அதிர வைக்கிறது. விரல்கள் ஒரு பக்கமாகச் சாய்ந்திருப்பதால் ஒவ்வொரு அதிர்விலும் மாடு ஒரு துளி முன்னால் நகரும். சிம்போசியத்தில் டூத்பிரஷ் தலையில் மொபைல் வைப்ரேட்டர் மோட்டாரை ஒட்டி 'ரோபோ' என்று ஓடவிட்டு பிரைஸ் வாங்குவோமே... அதே டெக்னிக். இந்த 3656-ம் நம்பர் மாட்டுப் பட்டி 1949-ல் வந்தது. நமக்கு பிரைஸ் கொடுத்த ஜட்ஜுகளுக்கு இது தெரிந்திருக்க நியாயமில்லை!

தாத்தாவின் மாடுகளுக்கு ரப்பர் விரல்கள் காய்ந்து கல்லாகிவிட்டன. தரை அதிர்கிறது, மாடுகள் இருந்த இடத்திலேயே நடுங்குகின்றன. கூட்டமாக ஜன்னி கண்ட மாதிரி.

"அதுக்கு ஒரு கடை இருக்கு" என்றார் தாத்தா. அரை மணி நேரத் தூரத்தில், ஒரு சின்ன ஊரின் மெயின் ரோட்டில் முடிதிருத்தும் கடைக்குக் கீழே ஒரு நிலவறைக் கடை. போர்டே மங்கிப்போயிருக்கிறது. உள்ளே போனால் நம்ம ஊர் நாட்டு மருந்துக் கடை மாதிரி சுவர் முழுக்கச் சின்னச் சின்ன இழுப்பறைகள், ஒவ்வொன்றிலும் நம்பர். லயனல்காரர்கள் பார்ட்ஸுக்கு வைத்த நம்பர் முறை அப்படி. பொருளின் நம்பர், ஒரு கோடு, அப்புறம் பார்ட் நம்பர். ஒரு வாஷருக்குக் கூட நம்பர் உண்டு. அந்தக் காலத்தில் ஊருக்கு ஊர் அங்கீகாரம் பெற்ற சர்வீஸ் ஸ்டேஷன்கள் இருந்தன, அவர்களிடம் பிரித்துப் போட்ட படங்களோடு சர்வீஸ் மேனுவல் இருக்கும். 1969-ல் லயனல் கார்ப்பரேஷன் ரயில் தயாரிப்பதை நிறுத்தி, லைசென்ஸை ஜெனரல் மில்ஸ் என்ற உணவுக் கம்பெனிக்குக் கொடுத்தது. பழைய சர்வீஸ் ஸ்டேஷன்களின் அலமாரியில் மிஞ்சியதுதான் இன்றைக்கும் ஒரிஜினல் பார்ட்ஸ் என்று கை மாறுகிறது. தீரத் தீரக் குறைகிறதே ஒழிய கூடுவதில்லை. அது கிடைக்காவிட்டால் செத்துப்போன இன்னொரு மாடலை வாங்கி அதிலிருந்து கழற்றுவார்கள். அதுவும் இல்லையென்றால் சின்னப் பட்டறைகள் புதிதாக அச்செடுத்துத் தயாரிப்பவை. மாட்டின் ரப்பர் விரல்கள் இந்த மூணாவது வகையில் கிடைத்தன. ஒன்பது செட் வாங்கினேன்.

கடைக்காரர் தாத்தாவும் (ஆமாம், இந்தக் கதையில் எல்லாருமே தாத்தா!) ட்ரிப்பிள் ஈ என்றதும் குஷியாகிவிட்டார். ஒரு டப்பாவைத் திறந்து காட்டினார். உள்ளே உடைந்த சக்கரம் ஒன்று. விரலால் தொட்டால் ரஸ்க் மாதிரி பொடிகிறது. "ஜிங்க் பெஸ்ட்" என்றார். நான் 'பெஸ்ட் என்றால் நல்லதுதானே?' என்று முழிக்க, "அந்த பெஸ்ட் இல்லை, பூச்சி!" என்று சிரித்தார். பூச்சியும் இல்லை, நம்ம மெட்டீரியல் சயின்ஸ்தான். அந்தக் காலத்தில் துத்தநாகத்தை உருக்கி அச்சில் வார்க்கும்போது அதோடு கொஞ்சம் ஈயம் கலந்துவிட்டால், வருஷங்கள் கழித்து ஈரப்பதம் பட்டு உலோகத்தின் துகள்களுக்கு இடையில் அரிப்பு ஆரம்பிக்கும். உலோகம் உப்பும், வெடிக்கும், உதிரும். மருந்தே கிடையாது. 1929-ல் நியூ ஜெர்சி ஜிங்க் கம்பெனி 99.99 சதவிகிதச் சுத்தமான துத்தநாகத்தை வைத்து 'ஜமாக்' என்ற கலவையைக் கொண்டுவந்த பிறகுதான் இதற்கு விடிவு வந்தது. உடனே எல்லாரும் மாறிவிடவில்லை, அதனால் இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய ரயில்களை வாங்குபவர்கள் முதலில் சக்கரத்தைத்தான் உற்றுப் பார்ப்பார்களாம். தாத்தாவின் செட் போருக்குப் பிந்தையது. தப்பித்தோம்.

மாடு நடந்துவிட்டது. இன்னும் நாலு நாள் இருக்கிறது. மிச்சம் விளக்குக் கோபுரம் ஒன்றுதான்.

அங்கேதான் நான் சொதப்பினேன்.

394-ம் நம்பர் சுழல் விளக்கு. 1949-ல் இருந்து 1953 வரைக்கும் வந்தது. கோபுர உச்சியில் ஒரு பல்ப், அதன் மேல் சிவப்பும் பச்சையுமாகக் கண்ணாடி வைத்த ஒரு தொப்பி. தொப்பி சுற்றும். மோட்டார்? இல்லை. பல்பின் சூட்டில் மேலே எழும் காற்று, தொப்பியின் சாய்வான இறக்கைகளைத் தள்ளிச் சுற்றவைக்கும். ஸ்கூல் சயின்ஸ் எக்ஸிபிஷனில் மெழுகுவர்த்திக்கு மேல் காகிதச் சுருளைத் தொங்கவிட்டுச் சுற்றவைத்தோமே, அதேதான். தொப்பியின் நடுவில் ஓர் ஊசி. அது உட்கார, பல்பின் உச்சந்தலையிலேயே கண்ணாடியில் ஒரு குட்டிக் குழி. குழியில் ஊசி நின்றால் உராய்வு இருக்காது. யார் யோசித்தார்களோ... பல்பையே பேரிங்காக மாற்றியிருக்கிறார்கள்!

அந்தப் பல்ப் நன்றாகத்தான் எரிந்தது. சுத்தம் பண்ணலாமே என்று கழற்றி மேஜை மேல் வைத்தேன். மேஜை எவ்வளவு லெவல் என்று பார்க்கவில்லை. அது உருண்டது. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். சிமென்ட் தரையில் 'டிங்' என்று ஒரு சத்தம்.

தாத்தா மாடியில் இருந்தார். அள்ளி டிஷ்யூவில் சுருட்டி ஜீன்ஸ் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு, 'நாளைக்கு வர்றேன் சார்' என்று ஓடிவந்துவிட்டேன். வீட்டில் சித்தி கேட்டதுக்கு 'தலைவலி' என்றேன். ராத்திரி தூக்கமே வரவில்லை. லேபில் மீட்டரை எரித்தால் ப்ரேக்கேஜ் ஃபீஸ் கட்டிவிடலாம். இதுக்கு எந்தக் கவுன்ட்டரில் கட்டுவது?

மறுநாள் சித்தப்பாவிடம் உண்மையைச் சொல்லி நிலவறைக் கடைக்கு ஓடினேன். சாதாரண பல்ப் போட்டால் ஊசி வழுக்கிவிடும், குழி பல்புதான் வேண்டும். கடைக்காரர் இழுப்பறையைத் திறந்து கடைசி வரைக்கும் துழாவினார். ஒரிஜினல் இல்லை. "யார்க்கில் கிடைக்கலாம்" என்றார். பென்சில்வேனியாவில் இருக்கும் யார்க் நகரில் டாய் ட்ரெய்ன் சேகரிப்பாளர்கள் வருஷத்துக்கு ரெண்டு முறை, ஏப்ரலிலும் அக்டோபரிலும் கூடுகிறார்கள். 1954-ல் ஆரம்பித்த டிரெய்ன் கலெக்டர்ஸ் அசோசியேஷன் நடத்தும் சந்தை அது. வேறெங்கும் கிடைக்காத திருகாணி கூட அங்கே யாராவது ஒருவர் டப்பாவில் இருக்குமாம். நான் போய் நின்றது ஜூனில்.

கடைசியில் ஒரு மறுதயாரிப்பு பல்ப் கிடைத்தது. குழி இருந்தது. கடைக்காரர் கவரில் போடும்போது, "இதை ஒரிஜினல்னு சொல்லிக் கொடுக்காதே" என்றார். மிரட்டலாக இல்லை, தொழில் தர்மம் சொல்கிற மாதிரி. இந்த உலகத்தில் மறுதயாரிப்பு பார்ட் போடுவது குற்றமில்லை, அதை மறைப்பதுதான் குற்றம்.

போட்டுப் பார்த்தால் விளக்கு எரிகிறது, தொப்பி சுற்றவில்லை! ஊசி முனை மழுங்கியிருந்தது. எண்ணெய்க் கல்லில் பதமாகத் தீட்டினேன். சுற்றவில்லை. கோபுரம் சாய்ந்திருக்குமோ என்று அடியில் விசிட்டிங் கார்டு வைத்தேன். சுற்றவில்லை. சித்தப்பா நிமிர்ந்து பார்த்தார். "ஏட்டி, தலைக்கு நேர் மேல ஏசி காத்துல்லா அடிக்கி!" ஏசி வாயை மூடினோம். ஒரு நிமிஷம் ஒண்ணும் நடக்கவில்லை. அப்புறம் மெதுவாக, ரொம்ப மெதுவாக, சிவப்பு வெளிச்சம் சுவரில் நகர்ந்தது. பின்னாடியே பச்சை.

தாத்தாவிடம் டிஷ்யூவைப் பிரித்துக் காட்டினேன். ரிகர்சல் பண்ணி வைத்திருந்த இங்கிலீஷ் எல்லாம் மறந்துவிட்டது. 'ஸாரி' மட்டும் வந்தது. அவர் கண்ணாடித் துண்டுகளைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"இது ரெண்டாவது பல்ப். முதல் பல்பை 1953-ல் நான் உடைச்சேன். அப்பாகிட்ட சொல்லப் பயந்து, கட்டிலுக்கு அடியில ஒளிச்சு வெச்சேன். அம்மா பார்த்துட்டாங்க. ஒரு வார்த்தை பேசலை. சர்வீஸ் ஸ்டேஷன்ல போய் வாங்கி வந்து மாட்டிட்டாங்க. அப்பாவுக்குக் கடைசி வரைக்கும் தெரியாது" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "நீ என்னைவிடத் தைரியசாலி. ரெண்டு நாள்ல சொல்லிட்டே!"

சனிக்கிழமை பேரன் வந்தான். கையில் டேப்லெட். மேஜையைப் பார்த்துவிட்டு மறுபடி டேப்லெட்டுக்கே போனான். எனக்கு வயிற்றைப் பிசைந்தது. ரயில் கிளம்பியது, விசில் ஊதியது, நிமிரவில்லை. விளக்கு சுற்றியது, நிமிரவில்லை. மாடு வண்டியில் ஏறும் சத்தம் கேட்டு ஒரு கண்ணால் பார்த்தான். ஒரு மாடு வாசலில் நின்று அடம்பிடிக்க, பின்னால் வந்த மாடு அதை முட்டித் தள்ளியது. டேப்லெட் கீழே போனது. அடுத்த ரெண்டு மணி நேரம் அவன் யாருக்கும் சுவிட்ச் தரவில்லை. கேட்மேனை மட்டும் விரலால் தண்டவாளத்தை அமுக்கி அமுக்கி நாற்பது தடவையாவது வெளியே கூப்பிட்டிருப்பான். மகன் மாடிப்படியில் நின்று பார்த்துவிட்டு, போனை எடுத்து மேஜையை அளந்துகொண்டிருந்தார், அவர் வீட்டில் எந்த ரூமில் இது அடங்கும் என்று.

கிளம்பும்போது தாத்தா என்னிடம் ஒரு பொட்டலம் தந்தார். இன்னொரு கேட்மேன். பார்ட்ஸ் கழற்றுவதற்காக அவர் வைத்திருந்த உடைந்த பீஸ். கூரையில் பாதி காணோம், ஆள் கையில் லாந்தர் இல்லை. கூடவே ஒரு ஸ்பிரிங் சுவிட்ச்.

ஊருக்கு வந்து ஓடவிட நினைத்தபோது அடுத்த பிரச்னை. அங்கே 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். நமக்கு 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். வோல்டேஜை மட்டும் குறைத்தால் போதாது. 60 ஹெர்ட்ஸுக்குச் செய்த டிரான்ஸ்ஃபார்மரை 50-ல் ஓட்டினால் கோர் சாச்சுரேட் ஆகி சூடாகும். 120-ஐ 60-ஆல் வகுத்தால் 2. அதே 2 வர வேண்டும் என்றால் 50 ஹெர்ட்ஸில் 100 வோல்ட்தான் கொடுக்கலாம். மெஷின்ஸ் பேப்பரில் மனப்பாடம் பண்ணிய ஃபார்முலா வாழ்க்கையில் முதல்முறையாக அர்த்தத்தோடு ஞாபகம் வந்தது! நல்லவேளை, எனக்கு அந்த வம்பே இல்லை. கேட்மேன் வெறும் சொலினாய்டு. நம்ம ஊர் 12 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மரே போதும், லேசாக உறுமிக்கொண்டு வேலை செய்கிறார். கூரைக்கு அட்டை வெட்டி ஒட்டியாயிற்று. லாந்தருக்கு ஆச்சியின் பாசிமணி மாலையில் இருந்து ஒரு சிவப்பு மணி.

இப்போது அவர் எங்கள் ஹாஸ்டல் ரூம் மேஜையில் இருக்கிறார். ஸ்பிரிங் சுவிட்ச், வாசலில் மிதியடிக்கு அடியில், ஒரு பலகைக்குக் கீழே. யார் மிதித்தாலும் கேட்மேன் பாசிமணியோடு வெளியே வந்து எட்டிப் பார்ப்பார். ராத்திரி பதினோரு மணிக்கு மேல் அவர் வந்தால், உடனே லைட்டை அணைத்துவிட்டுப் போர்வைக்குள் போய்விட வேண்டும் என்பது ரூம் ரூல். வார்டன் மேடம் இந்தப் பக்கத்தைப் படிக்க மாட்டார் என்று நம்புகிறேன்!